தண்ணீருக்குள் போன பந்தும் தொலைந்துபோன பந்தும்: எந்த வழியில் நஷ்டம் குறைவு?

2013 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி, இரண்டாம் சுற்று, அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் 15ஆவது குழி. டைகர் உட்ஸ் அடித்த மூன்றாவது அடி நேராகக் கொடிக்கம்பில் பட்டுத் தெறித்து, உருண்டு குளத்தில் விழுந்தது. அவ்வளவு அருமையான அடிக்கு இப்படி ஒரு பலனா என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. உட்ஸ் முன்பு அடித்த இடத்துக்கே திரும்பினார். ஆனால் அங்கிருந்து இரண்டு கஜம் பின்னால் தள்ளிப் பந்தைப் போட்டு அடித்தார். 6 அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட குழி, இரண்டு அடி அபராதத்தோடு மறுநாள் 8 ஆனது.

தவறு எங்கே? தண்ணீரில் விழுந்த பந்துக்கு ஒரு ஸ்ட்ரோக் (அதாவது ஓர் அடி) அபராதத்தோடு சில வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அளவு. உட்ஸ் ஒரு வழியில் போய், இன்னொரு வழியின் சலுகையை எடுத்துவிட்டார்.

முதல் வழி, கடைசியாக அடித்த இடத்துக்கே போவது. இன்றைய விதிப்படி அந்த இடத்திலிருந்து ஒரு கிளப் (அடிக்கும் மட்டை) நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து டிராப் செய்ய, அதாவது பந்தைக் கீழே விட வேண்டும். இரண்டு கஜம் என்றால் இன்றும் எல்லை தாண்டியதுதான்.

இரண்டாவது, நேர்கோட்டில் பின்னால் போவது. பந்து தண்ணீர்ப் பகுதியின் விளிம்பைக் கடைசியாகக் கடந்த இடத்தையும் குழியையும் ஒரு கோட்டில் வைத்து, அந்தக் கோட்டிலேயே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். உட்ஸின் பந்து இடப்பக்கமாகத் தண்ணீருக்குள் போனதால் அந்தக் கோடு அவர் நின்ற இடத்தில் இல்லை.

மூன்றாவது வழி சிவப்புக் குச்சி நட்டுக் குறித்த தண்ணீர்ப் பகுதிக்கு மட்டும்தான், மஞ்சள் குச்சி நட்டதற்குக் கிடையாது. விளிம்பைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் பக்கவாட்டில் டிராப் செய்யலாம். சிவப்பைப் பார்த்தாலே எல்லோரும் யோசிக்காமல் இதற்குத்தான் போகிறார்கள். டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) நீளமாக அடித்த பந்து என்றால் சரி, தூரம் மிச்சம். கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரை) பக்கத்தில் அப்படியில்லை. குளக்கரைச் சரிவில், அடர்ந்த புல்லில், 40 கஜத்துக்கு அரை வீச்சு வீசுவதைவிட, கோட்டில் பின்னால் போய் 90 கஜத்தில் சமதரையிலிருந்து முழு வீச்சு வீசுவது பெரும்பாலானவர்களுக்கு எளிது. அபராதம் இரண்டுக்கும் ஒன்றுதானே!

அபராதமே இல்லாத வழியும் உண்டு: கிடக்கிற இடத்திலேயே அடிப்பது. 2011 டூர் சாம்பியன்ஷிப் பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) பில் ஹாஸின் பந்து ஏரி ஓரத்தில் பாதி மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் தெறிக்க அதை வெளியே எடுத்துக் குழிக்கருகில் நிறுத்தினார், பட்டமும் வென்றார். 1999இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்த ஜான் வான் டி வெல்ட், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். கடைசியில் அடிக்காமல் டிராப் எடுத்தார். அவர் ஓபனை இழந்தாலும் அந்த முடிவு சரிதான் என்பேன். பந்தின் ஒரு பகுதியாவது தண்ணீருக்கு மேலே தெரியாவிட்டால் முயலவே வேண்டாம். தவறினால் பந்து உள்ளேயே கிடக்கும்.

தொலைந்த பந்துக்கு இத்தனை வழி கிடையாது. தேட 3 நிமிடம் (2019க்கு முன் 5). அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம், பழைய இடத்துக்குத் திரும்பல். டீயில் அடித்தது தொலைந்தால், அபராதம் இரண்டாவது அடியாகி, மூன்றாவது அடியும் அதே டீயிலிருந்துதான். அதே பந்து சிவப்புப் பகுதிக்குள் போயிருந்தால் மூன்றாவது அடி அந்தக் கரையிலிருந்து. வித்தியாசம் 200 கஜம்கூட இருக்கலாம். அதனால்தான் 'தண்ணீரில்தான் விழுந்திருக்கும்' என்று ஊகிப்பதை விதி ஏற்பதில்லை. குறைந்தது 95 சதவீத நிச்சயம் வேண்டும். கரையோரம் உயரமான புல் இருந்து, பந்து விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால், அது தொலைந்த பந்துதான்.

திரும்பி நடக்காமலிருக்க இரண்டு வழிகள். ஒன்று, டீயிலேயே புரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் பயன்படும் மாற்றுப் பந்து) அடித்து வைப்பது. இரண்டு, 2019இல் வந்த உள்ளூர் விதி. உங்கள் கோல்ஃப் மன்றம் அதை அமல்படுத்தியிருந்தால், இரண்டு ஸ்ட்ரோக் அபராதத்தோடு, பந்து தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்வெளி) ஓரத்தில் டிராப் செய்யலாம். தொழில்முறைப் போட்டிகளுக்கு இது பொருந்தாது. கணக்கில் இரண்டும் ஒன்று: அடுத்தது நான்காவது அடி. இருந்தாலும் நான் புரொவிஷனலையே தேர்ந்தெடுப்பேன். முதல் பந்து கிடைத்துவிட்டால் அபராதமே இல்லையே. அப்புறம், "இன்னொன்று அடிக்கிறேன்" என்று சொன்னால் போதாது, "புரொவிஷனல்" என்றே சொல்லுங்கள். சொல்லாமல் அடித்தால், முதல் பந்து அடுத்த நிமிடமே ஃபேர்வேயில் கிடைத்தாலும் அதை அடிக்க முடியாது.