முதல் ஃபில்டர் எது: லேடரா, ஸ்டேட் வேரியபிளா, லோ பாஸ் கேட்டா?

அனலாக் மாடுலர் சிந்த் (தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னிசைக் கருவி) கட்டத் தொடங்குபவர்கள், சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன் தீர்மானிக்க வேண்டியது இது. ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர் தரும் சத்தத்தில், மூல ஸ்வரத்தின் மடங்குகளான ஹார்மானிக்ஸ் மண்டிக் கிடக்கும். அதில் எதை விடுவது, எதை வெட்டுவது என்பது ஃபில்டரின் வேலை. எவ்வளவு சத்தமாக வெளியே விடுவது என்பது விசிஏவின் வேலை. வோல்டேஜ் சொன்னபடி கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபயர் அது.

பலரும் முதலில் கேட்பது மூக் லேடர். சிந்த் வடிவமைப்பாளர் ராபர்ட் மூக் 1969இல் காப்புரிமை பெற்ற சர்க்யூட். டிரான்சிஸ்டர் ஜோடிகளும் கெப்பாசிட்டர்களுமாக நான்கு படிகள். கட்ஆஃபுக்கு (வெட்டு தொடங்கும் இடம்) மேலே ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, 24 டெசிபல் வெட்டும். கனமான பேஸுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ரெசனன்ஸை (கட்ஆஃப் அருகே உள்ள ஒலியைத் தூக்கிக் காட்டுவது) ஏற்ற ஏற்ற அந்த பேஸே மெலிந்துபோகும். வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே விடுவதால்தான் ரெசனன்ஸ் கிடைக்கிறது; கீழ் ஸ்தாயியில் அது மூல சிக்னலையே கழித்துவிடுகிறது.

என் ஓட்டு ஸ்டேட் வேரியபிளுக்கு. 1974இல் வந்த ஓபர்ஹைம் நிறுவனத்தின் எஸ்இஎம் சிந்த்தில் இருப்பது இந்த வகைதான். வெட்டு 12 டெசிபல்தான், ஆனால் லோ பாஸ் (கீழ்ப்பகுதியை மட்டும் விடுவது), ஹை பாஸ் (மேல்பகுதியை மட்டும்), பேண்ட் பாஸ் (நடுவே ஒரு பகுதியை மட்டும்) மூன்றும் ஒரே சர்க்யூட்டில் கிடைக்கும். ரெசனன்ஸை ஏற்றினாலும் லோ பாஸில் பேஸ் பொதுவாக அப்படியே நிற்கும். ரம்பப் பல் வடிவ ‘சா’ (saw) அலை ஒன்றை மந்தர ஷட்ஜத்தில் நிறுத்தி, பேண்ட் பாஸில் ரெசனன்ஸை நன்றாக ஏற்றி, கட்ஆஃபை மெதுவாகத் திருகிப் பாருங்கள். முதலில் ஷட்ஜம், அப்புறம் மேல் ஷட்ஜம், மூன்றாவது ஹார்மானிக்கில் பஞ்சமம், ஐந்தாவதில் அந்தர காந்தாரம். நல்ல தம்பூராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும் அதே காந்தாரம், இங்கே உங்கள் விரலுக்குக் கட்டுப்பட்டு வருகிறது! இதற்காகவே இதை வாங்கலாம்.

லோ பாஸ் கேட் தனி ரகம். சிந்த் வடிவமைப்பாளர் டான் புக்லாவின் 292 மாட்யூல் வழியாகப் புகழ்பெற்றது; ஃபில்டரும் விசிஏவும் ஒன்றாகவே இயங்கும். உள்ளே வேக்ட்ரோல்: ஒளி புகாத உறைக்குள் ஒரு எல்இடி, எதிரே ஒரு எல்டிஆர் (ஒளி பட்டால் மின்தடை குறையும் ரெசிஸ்டர்). எல்இடி அணைந்தாலும் எல்டிஆர் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. சத்தம் தேயும்போது கூர்மையான பகுதி முதலில் போய், கீழ்ப்பகுதி பிறகு அடங்கும். மிருதங்கத் தொப்பியில் தட்டினாலும் அப்படித்தான் அடங்குகிறது. என்வலப் (சத்தம் எழுந்து தேயும் விதத்தை வகுக்கும் வோல்டேஜ்) கூட வேண்டாம், ஒரு சின்ன பல்ஸ் போதும். எல்இடி, எல்டிஆர், கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் டியூப் வாங்கி வீட்டிலேயே செய்யலாம். ஒன்றைப் போல் இன்னொன்று அமையாது, ஸ்வரத்துக்கான வோல்டேஜைப் பிசகாமல் பின்தொடரவும் செய்யாது.

தனி விசிஏவில் லீனியரா (வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் கூட்டிக் குறைப்பது), எக்ஸ்பொனென்ஷியலா (வளைவாகக் கூட்டிக் குறைப்பது) என்ற கேள்வி வரும். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், டிசி சிக்னலையும் (நிலையான வோல்டேஜையும்) கடத்தும் லீனியர். மற்ற மாட்யூல்களை இயக்கும் கன்ட்ரோல் வோல்டேஜுக்கு இதுதான் வேண்டும். கன்ட்ரோல் வோல்டேஜுக்கு இதுதான் வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும்; வெப்பம் மாறினால் ஸ்ருதியும் நகரும். லேடரோ ஸ்டேட் வேரியபிளோ, ரெசனன்ஸை முழுக்க ஏற்றி ஃபில்டரைத் தானாகப் பாடவிட்டு ஆஸிலேட்டராக வாசிப்பவர்கள் டெம்ப்கோ ரெசிஸ்டர் (வெப்பத்தோடு மதிப்பு மாறி ஸ்ருதி நகர்வைக் குறைப்பது) உள்ளதையே வாங்குங்கள். மே மாதத்தில் ஏசி போட்டு, அறை குளிர்ந்து நிலைத்த பிறகே ஸ்ருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.