தட்டா, மாத்திரையா: ஆன்டி-ஆக்ஸிடன்டையும் ஒமேகா-3-ஐயும் எப்படி ஒப்பிடுவது?

மாரடைப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகாத 11,324 பேரை இத்தாலியில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குத் தினமும் 1 கிராம் ஒமேகா-3 மாத்திரை. இரண்டாவது குழுவுக்கு ஆன்டி-ஆக்ஸிடன்டான (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளான) வைட்டமின் இ 300 மி.கி. மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டுமே இல்லை. மூன்றரை ஆண்டு கண்காணித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒமேகா-3 எடுத்தவர்களிடம் இறப்பு குறைந்திருந்தது, அதிலும் திடீர் இதய மரணம் நன்றாகவே குறைந்திருந்தது. வைட்டமின் இ-யால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை.

'இதயத்துக்கு நல்லது' என்று பக்கத்துப் பக்கத்து அலமாரியில் அடுக்கப்படும் இரண்டு பொருட்கள் ஒரே களத்தில் மோதிய ஜி.ஐ.எஸ்.எஸ்.ஐ. ஆய்வு இது. இதில் போலி மாத்திரை (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை) கொடுக்கப்படவில்லை என்பது ஒரு குறை. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் ஒமேகா-3-இன் வெற்றியும் மங்கியது. ஆகவே, சத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எந்த வடிவில், எவ்வளவு, யாருக்கு, எதற்குப் பதிலாக என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒப்பீடு ஒப்பீடாக இருக்கும்.

காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் மாத்திரையில் உள்ளதும்

காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் இன்னொரு ஆன்டி-ஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டின் அதிகம். அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு. 1980-களில் இதைப் பார்த்தவர்கள், காப்பாற்றுவது பீட்டா கரோட்டின்தான் என்று நம்பினார்கள். அதைச் சோதிக்க, பின்லாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்தார்கள். பீட்டா கரோட்டின் குழுவினருக்குத் தினமும் 20 மி.கி. கொடுக்கப்பட்டது. 1994-இல் வந்த முடிவில், அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

தற்செயலாக இருக்கலாமே என்று நினைக்க அடுத்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் கேரட் (CARET) என்ற ஆய்வில் புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேர் இருந்தார்கள். 30 மி.கி. பீட்டா கரோட்டினும் 25,000 ஐ.யூ. (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் ஏ-யும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் கூடியதால், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்னதாக, 1996 ஜனவரியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதே காலத்தில் 22,071 ஆண் மருத்துவர்களில் பாதிப்பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மி.கி. பீட்டா கரோட்டின் வீதம் 12 ஆண்டு எடுத்தார்கள். நன்மையும் இல்லை, தீங்கும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள்.

'யாருக்கு', 'எவ்வளவு' என்ற இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடம் இது. பீட்டா கரோட்டின் மூலக்கூறில் 11 இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசைதான் அதற்கு ஆரஞ்சு நிறத்தைத் தருகிறது. எளிதில் உடைவதற்கும் அதுவே காரணம். சிகரெட் புகையும் ஆக்ஸிஜனும் நிறைந்த நுரையீரலில் அது துண்டு துண்டாக உடைகிறது. அந்தத் துண்டுகள் செல்லைக் காப்பதை விட்டுவிட்டுத் தாங்களே வினைபுரியத் தொடங்குகின்றன. ஃபெரட் என்னும் விலங்குகளைப் புகையில் வைத்துப் பார்த்தபோது, மனிதருக்கு 30 மி.கி.க்கு இணையான அளவு கொடுத்தவற்றின் நுரையீரல் செல்கள் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் காட்டின. உணவிலிருந்து கிடைக்கக்கூடிய 6 மி.கி.க்கு இணையான அளவில் அந்தக் கேடு தெரியவில்லை. மூலக்கூறு ஒன்றுதான், விளைவு தலைகீழ். புகைபிடிப்பவர்கள் காரட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம், பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடக் கூடாது.

வைட்டமின் இ: 15 மி.கி.யும் 400 ஐ.யூ.வும்

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 15 மி.கி. 'இயற்கை' என்று அச்சிட்ட 400 ஐ.யூ. மாத்திரையில் இருப்பது 268 மி.கி.; செயற்கையாகத் தயாரித்ததில் 180 மி.கி. எப்படிப் பார்த்தாலும் பத்து மடங்குக்கு மேல். கொட்டைகள், விதைகள், எண்ணெய்கள் ஆல்ஃபா, காமா எனப் பல வகை டோகோஃபெரால்களை (வைட்டமின் இ-யின் வடிவங்களை) தருகின்றன. மாத்திரையில் பெரும்பாலும் ஆல்ஃபா மட்டுமே. கல்லீரலும் ஆல்ஃபாவையே பிடித்து வைத்துக்கொள்வதால், அந்த மாத்திரையை எடுக்க எடுக்க ரத்தத்தில் காமா குறைகிறது. சேர்ப்பதாக நினைத்து ஒன்றை இழக்கிறோம்.

35,533 ஆண்களை வைத்து நடந்த செலக்ட் ஆய்வு 2008-இல் பாதியில் நின்றது. 2011-இல் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் இ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். உடற்பயிற்சி செய்பவர்களும் கவனிக்க வேண்டிய முடிவு ஒன்று 2009-இல் வந்தது. தினம் 1,000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 ஐ.யூ. வைட்டமின் இ-யும் எடுத்துக்கொண்டு பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, பயிற்சியால் கூடவேண்டிய இன்சுலின் உணர்திறன் கூடவில்லை. தசையில் உண்டாகும் சிறிதளவு ஆக்ஸிஜனேற்றமே உடலுக்கு 'பழகிக்கொள்' என்று சொல்லும் சைகை. அதை மாத்திரை அழித்துவிடுகிறது.

ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை தெளிவாக ஜெயித்த இடம் கண். நடுத்தர நிலை விழித்திரை மையச் சிதைவு உள்ளவர்களில், ஏ.ஆர்.இ.டி.எஸ். என்ற ஆய்வில் கொடுத்த, வைட்டமின் சி, இ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த கலவை முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்தது (2001). 2013-இல் அந்தக் கலவையிலிருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக 10 மி.கி. லூட்டினும் 2 மி.கி. ஸியாஸாந்தினும் வந்தன. காரணம் மேலே சொன்ன நுரையீரல் ஆபத்துதான். நோய் இல்லாத கண்ணுக்கு இது தடுப்பு மருந்து ஆகாது.

பொட்டலங்களில் 'ஓராக் மதிப்பு' என்று பெரிய எண் போட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக்குழாயில் எடுத்த அளவு. அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தன் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மீன், மீன் எண்ணெய், ஆளிவிதை

ஒமேகா-3 என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பொருட்கள் இருக்கின்றன. மூன்றும் கொழுப்பு அமிலங்கள். மீனில் இருப்பவை இ.பி.ஏ., டி.எச்.ஏ.; ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருப்பது ஏ.எல்.ஏ. ஏ.எல்.ஏ.-வை நம் உடல் இ.பி.ஏ.-வாக மாற்றும், ஆனால் மிகக் கொஞ்சமாக: ஆண்களில் சுமார் 8 சதவீதம், டி.எச்.ஏ. வரை போவது அதிலும் சொற்பம். பெண்களுக்கு இந்த விகிதம் சற்று அதிகம். எனவே ஆளிவிதை நல்ல உணவுதான், ஆனால் மீனுக்கு மாற்று அல்ல. மீன் சாப்பிடாதவர்களுக்குச் சரியான மாற்று பாசி எண்ணெய். மீனுக்கே டி.எச்.ஏ. பாசியிலிருந்துதானே வருகிறது! ஆளிவிதையை முழுதாக விழுங்கினால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், பொடித்ததைக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

மாத்திரை வாங்குகிறவர்கள் வழக்கமாக ஏமாறுவது முன்பக்க எண்ணில். '1,000 மி.கி. மீன் எண்ணெய்' என்ற சாதாரண மாத்திரையைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக மொத்தம் 300 மி.கி. மீதி 700-உம் வேறு கொழுப்பு. இதற்கு எதிராக, வாரம் இரண்டு வேளையாகச் சேர்த்து 170 கிராம் சால்மன் சாப்பிட்டால், ஒரு நாளைக்குச் சராசரியாக 400 மி.கி. அளவுக்கு வந்துவிடும். கூடவே புரதமும் செலினியமும் வைட்டமின் டி-யும். அந்த வேளையில் தட்டில் இருந்திருக்கக்கூடிய கொழுத்த இறைச்சியும் இடம் விட்டுவிடும். மாத்திரை எதையும் இடம்பெயர்ப்பதில்லை. கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்து மத்தி போன்ற சிறு மீன்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

ஆரோக்கியமானவர்களுக்கு மாத்திரையால் என்ன கிடைக்கிறது? 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், தினம் 840 மி.கி. இ.பி.ஏ.-டி.எச்.ஏ. ஐந்தாண்டு கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்த மொத்தக் கணக்கு குறையவில்லை. நீரிழிவு உள்ள 15,480 பேரிடம் நடந்த அசெண்ட் ஆய்விலும் அதே கதை. வைட்டலில் மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. உட்குழுக் கணக்கு (ஒரு பகுதியினரை மட்டும் பிரித்துப் பார்த்தது) என்பதால் அதை முடிவாக எடுக்க முடியாது, ஆனால் பொருந்திவரும் குறிப்பு. ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்தில் ஊற்றினால் என்ன கூடும்?

4 கிராம் அளவு வேறு விவகாரம், அது மருந்து. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து எடுத்தும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு உயர்ந்திருந்த 8,179 பேரில் ஒரு பாதிக்கு, தூய இ.பி.ஏ. எஸ்டர் கொடுத்த ரெட்யூஸ்-இட் (2018) இதய நிகழ்வுகளை 25 சதவீதம் குறைத்தது. இ.பி.ஏ.-வும் டி.எச்.ஏ.-வும் கலந்து அதே 4 கிராம் கொடுத்த ஸ்ட்ரெங்த், 13,078 பேர் இருந்தும், பலனில்லை என்று 2020-இல் நிறுத்தப்பட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு நெருடல் உண்டு. முதலாவதில் போலி மாத்திரையாகக் கனிம எண்ணெய், இரண்டாவதில் சோள எண்ணெய். கனிம எண்ணெய் எடுத்தவர்களின் எல்.டி.எல். கொழுப்பும் அழற்சிக் குறியீடும் ஏறின. மருந்தின் வெற்றியில் எவ்வளவு பங்கு போலி மாத்திரையின் கெடுதலால் வந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இரண்டும் சேரும் இடம்

டி.எச்.ஏ.-வில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். இரண்டு பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். ஒன்று கழன்றால் அந்த அமிலம் பக்கத்து அமிலத்தைத் தாக்கும், அது அடுத்ததை. எண்ணெய் சிக்குவாடை அடிப்பது இப்படித்தான். வைட்டமின் இ தன் ஹைட்ரஜனைக் கொடுத்து இந்தச் சங்கிலியை அறுக்கிறது. அதற்கு உடலில் உள்ள உண்மையான வேலை இதுதான். பன்மை நிறைவுறாக் கொழுப்பு ஒரு கிராமுக்கு அரை மி.கி. அளவில் வைட்டமின் இ வேண்டும். கொட்டைகளும் விதைகளும் இரண்டையும் சேர்த்தே தருகின்றன.

வாங்கிய மாத்திரை கெட்டுவிட்டதா என்று தெரிய ஒன்றை வெட்டி முகருங்கள். லேசான மீன் மணம் சரி. பழைய பெயின்ட் போலவோ தொண்டையில் காறுவதாகவோ இருந்தால் தூக்கி எறியுங்கள். எலுமிச்சை மணம் சேர்த்த மாத்திரையில் இந்தச் சோதனை பலிக்காது. அந்த எண்ணெயின் ஆய்வகச் சோதனை அறிக்கை கிடைத்தால், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண்களான பெராக்சைடு அளவு 5-க்குள், அனிசிடின் 20-க்குள், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோடாக்ஸ் 26-க்குள் இருக்கிறதா பாருங்கள். பெராக்சைடை மட்டும் நம்பக் கூடாது. எண்ணெய் முற்றக் கெட்டபின் பெராக்சைடு உடைந்து ஆல்டிஹைடாக மாறிவிடுவதால், அந்த எண் மறுபடி இறங்கி நல்ல எண்ணெய்போலக் காட்டும்.

இதே காரணத்தால் ஆளிவிதை எண்ணெயை அடுப்பில் ஏற்றக் கூடாது. பொரிப்பதற்கு, ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் தாங்கும்.

மீன் எண்ணெயை வெறும் வயிற்றில் விழுங்காமல் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும், எதுக்களிப்பும் குறையும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள், 400 ஐ.யூ. வைட்டமின் இ-யைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும், ரத்தக்கசிவு கூடலாம். 4 கிராம் ஒமேகா-3 எடுத்த இரண்டு ஆய்வுகளிலுமே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு அதிகரித்தது. அந்த அளவில் எடுக்கும்போது நெஞ்சு படபடத்தால், அடுத்த பரிசோதனை வரும்வரை காத்திராமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.