எரிமலைப் பாறைப் பெட்டி: கல் அருமை, திசைகாட்டி சுமார்

மகளுக்காக ஆன்லைனில் வாங்கினேன். ஆறு கல், ஒரு திசைகாட்டி, நூலில் கட்டிய குட்டிக் காந்தம். தக்காணப் பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த பாறை) துண்டுதான் இதில் ஹீரோ: கன்னங்கரேலென்று, கைக்குக் கனமாக, பக்கத்தில் காந்தத்தைத் தொங்கவிட்டால் மெல்லச் சாய்ந்து ஒட்டப் பார்க்கிறது, சுண்ணாம்புக்கல்லிடம் அசையவே இல்லை. உள்ளே பொடிப்பொடியாக மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருப்பதுதான் காரணம், எரிமலைக் குழம்பு ஆறி 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது பூமியின் அன்றைய காந்தப்புலத்தின் திசையை அப்படியே பிடித்துக்கொள்கிறது. செவ்வாயிலும் இதே கதைதான்: அதற்கு இன்று முழுக் கோளுக்கான காந்தப்புலமே கிடையாது, ஆனாலும் அதன் தென்பகுதி மேலோடு இன்னும் காந்தமாக இருப்பதை மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் கண்டுபிடித்ததே! பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திசைகாட்டி முள் வேறு இரண்டாம் நாளே சிக்கிக்கொண்டது. சரி, கல்லுக்காக 5க்கு 3.5.