ஊருக்கு வந்த இடத்தில் டேக் பேசாமல் போனால்

பெட்டி எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்க, அதற்குள் ஏர்டேக் போன்ற ஒரு சின்ன டேக்கைப் போட்டு வைக்கிறோம். சாங்கி, ஹீத்ரோ விமான நிலையங்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் காட்டிக்கொண்டிருந்த அந்த டேக், திருச்சியில் இறங்கி ஊர்ப்பக்கம் கார் திரும்பியதும் மௌனமாகிவிடும். 'கடைசியாகக் காணப்பட்டது 6 மணி நேரத்துக்கு முன்' என்ற வரியைப் பார்த்தவுடன் டேக் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி ரீசெட் செய்கிறவர்கள் ஏராளம். பெரும்பாலான நேரங்களில் டேக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது சொல்வதைக் கேட்க அங்கே காது இல்லை, அவ்வளவுதான்.

இந்த டேக்குகளுக்குள் ஜிபிஎஸ் கிடையாது, சிம்மும் கிடையாது. ஒரு பட்டன் செல்லும் சின்ன ரேடியோவும் இருக்கும். சுமார் 10 மீட்டர் தூரத்துக்கு 'நான் இங்கே' என்று ப்ளூடூத்தில் கூவிக்கொண்டே இருக்கும். அந்த வழியாகப் போகும் யாருடைய போனாவது அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தையே டேக்கின் இருப்பிடமாக இணையத்தில் ஏற்றினால்தான் உங்கள் வரைபடத்தில் புள்ளி நகரும். ஏர்டேக்குக்கு ஆப்பிள் கருவிகள் மட்டுமே காது. சாம்சங் ஸ்மார்ட்டேக்குக்கு கேலக்ஸி போன்கள். மோட்டோ டேக், ஜியோடேக் கோ போன்றவை ஆண்ட்ராய்டு போன்களைக் காதாக்கும் கூகுளின் ஃபைண்ட் ஹப்பை நம்பியிருக்கின்றன. சிங்கப்பூர் ரயிலில் ஒரு பெட்டிக்குள் பத்து ஐபோனாவது இருக்கும். புதுக்கோட்டைக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் தெருவுக்கு ஒன்று இருந்தாலே அதிகம், மற்றதெல்லாம் ஆண்ட்ராய்டு. நூறு ஆண்ட்ராய்டு போன்கள் பெட்டியைக் கடந்து போனாலும் ஏர்டேக்கின் புள்ளி நகராது.

இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் போனைத்தான். ஃப்ளைட் மோடு எடுத்தாயிற்றா, டேட்டா வருகிறதா? டேட்டா இல்லாவிட்டால் செயலி பழைய திரையையே காட்டிக்கொண்டிருக்கும். நம் விமான நிலைய வைஃபைக்கு எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வர வேண்டும். வெளிநாட்டு எண்ணுக்கு அது வந்து சேரும் என்று நம்பி நிற்காதீர்கள். ஏறும் முன்பே ஒருநாள் ரோமிங்கோ இந்திய இசிம்மோ போட்டுவிடுவது நல்லது. உள்ளூர் சிம் வாங்கினாலும் வெளிநாட்டு சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட வேண்டாம், இரண்டாவது சிம்மாக இருக்கட்டும். ஆப்பிள் கணக்கோ கூகுள் கணக்கோ ஏதோ காரணத்தால் வெளியேறிவிட்டால், திரும்ப நுழையக் கேட்கும் குறியீடு அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். கடையில் யாராவது 'லாக் அவுட் பண்ணி லாக் இன் பண்ணிப் பாருங்க' என்று சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

அடுத்தது, நேரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பெட்டி வரும் பெல்ட் முன் நிற்கும்போது டேக் இன்னும் புறப்பட்ட ஊரையே காட்டினால் பெட்டி அங்கேயே நின்றுவிட்டது என்று பொருளல்ல. பறக்கும்போது பயணிகளின் போன்களுக்குப் பொதுவாக இணையம் இருக்காது. சரக்கு அறைக்கு அருகே காதும் இல்லை. ஆகவே இடத்தைவிடக் கடிகாரம்தான் உண்மையைச் சொல்லும். தோஹாவில் மாறி வருகிறீர்கள், உங்கள் விமானம் இரவு 7.30-க்குக் கிளம்பியது என்று வையுங்கள். டேக் 'தோஹா, மாலை 6.50' என்று காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. பெட்டி உங்களோடே வந்திருக்கலாம். 'தோஹா, இரவு 9.10' என்று காட்டினால் பெட்டி ஏறவில்லை. காத்திருக்காமல் கவுன்டருக்குப் போங்கள். நேரத்தைக் கணக்கிடும்போது போன் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்பை, டெல்லி வழியாக மதுரைக்கோ கோவைக்கோ வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியைப் பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மதுரையில் வந்து நின்றால், டேக் மும்பையைக் காட்டுவது டேக்கின் கோளாறல்ல.

பெட்டி வரவில்லை என்பது உறுதியானால், சுங்கத்தைத் தாண்டி வெளியே போகும் முன்பே விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்டரில் பிஐஆர் எனப்படும் புகார்ப் படிவம் எழுதுங்கள். பெட்டிச் சீட்டின் பத்து இலக்க எண், போர்டிங் பாஸ் இரண்டும் வேண்டும். அவர்கள் தரும் குறிப்பு எண் நிலையக் குறியீட்டில் தொடங்கும். சென்னை என்றால் எம்ஏஏ. அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேக்கின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் சில ஊழியர்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள், சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் வேலை செய்வது பெட்டிச் சீட்டின் எண்ணை வைத்து. அதனால் ஸ்கிரீன்ஷாட்டைவிட இணைப்பு அனுப்புவது பயன் தரும். ஐபோனில் ஐஓஎஸ் 18.2 முதல், ஆப்பிளின் ஃபைண்ட் மை செயலியில் அந்தப் பொருளைத் தொட்டு 'ஷேர் ஐட்டம் லொகேஷன்' கொடுத்தால் ஒரு வலை இணைப்பு உருவாகும். 7 நாளில் தானாகக் காலாவதியாகும். பெட்டி உங்களிடம் வந்துசேர்ந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்ஸா, ஏர் கனடா, யுனைடெட் போன்றவை இதை ஏற்கும் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது.

கிராம முகவரி கொடுக்கும்போது வீட்டு எண் மட்டும் போதாது. பஸ் நிறுத்தம், கோயில், பக்கத்துக் கடை என்று அடையாளம் எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரின் இந்திய எண்ணையும் தாருங்கள். டெலிவரிக்கு வருகிறவர் வெளிநாட்டு எண்ணுக்கு அழைக்க மாட்டார். பூட்டின் எண், பாஸ்போர்ட் நகல் கேட்பதுண்டு, சுங்கத்தில் பெட்டியைத் திறக்க வேண்டி வரலாம் என்பதால். விமானப் பயண இழப்பீட்டுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமாகக் கிடைத்த பெட்டிக்கான புகாரை அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சேதத்துக்கு 7 நாள்தான். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு).

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டி கையில் இல்லாதபோது, செயலியில் இருக்கும் 'ரிமூவ் ஐட்டம்' பொத்தானைத் தொடவே கூடாது. புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று எடுத்துவிட்டால், திரும்பச் சேர்க்க டேக் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அது தோஹாவில் இருக்கும். உங்களுக்கிருந்த ஒரே கண்ணும் போய்விடும். அப்போது செய்ய வேண்டியது டேக் தொலைந்ததாகக் குறிக்கும் லாஸ்ட் மோடைப் போட்டு, நாட்டுக் குறியீட்டோடு எடுக்கக்கூடிய எண் ஒன்றைப் பதிவது. பெட்டியைக் கண்டெடுத்தவர் என்எஃப்சி (தொட்டால் தகவல் படிக்கும் வசதி) உள்ள எந்தப் போனை ஏர்டேக்கில் தொட்டாலும், ஆண்ட்ராய்டாக இருந்தாலும், அந்த எண் தெரியும்.

பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் 'இணைக்கிறது' என்றே சுற்றிக்கொண்டிருந்தால் அது வேறு நோய். ப்ளூடூத்தை மேலிருந்து இழுக்கும் பலகையில் அணைக்காமல், செட்டிங்ஸுக்குள் போய் அணைத்துப் போடுங்கள். ஐபோனில் அந்தப் பலகை ப்ளூடூத்தை முழுதாக அணைப்பதில்லை. பிறகு லொகேஷன் சர்வீசஸில் ஃபைண்ட் மைக்கு அனுமதி இருக்கிறதா, 'துல்லிய இருப்பிடம்' திறந்திருக்கிறதா பாருங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும். டைல் என்ற இன்னொரு வகை டேக்கின் செயலி போன்றவற்றுக்கு ஆட்டோஸ்டார்ட்டை அனுமதித்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைக்க வேண்டும். ஐபோன் எஸ்இ-யில் திசைகாட்டும் அம்புக்குறி வரவில்லை என்றால் அது பழுதல்ல. அதற்கான சிப் அந்தப் போனில் இல்லை. ஒலி எழுப்பித்தான் தேட வேண்டும்.

கூகுள் டேக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஃபைண்ட் ஹப்பைத் திறந்து, 'ஆஃப்லைன் கருவிகளைக் கண்டுபிடி' என்ற பகுதிக்குப் போங்கள். அது இயல்பாகவே 'ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டும்' என்று இருக்கும். அந்த நிலையில் ஒரே ஒரு போன் கேட்டது போதாது. பல போன்கள் கேட்டால்தான் இடம் காட்டும். விமான நிலையத்துக்கு அது சரி, தோப்பு வீட்டுக்கு உதவாது. 'எல்லா இடங்களிலும்' என்று மாற்றுங்கள். உங்கள் போனில் மட்டுமல்லாமல், சித்தப்பா வீட்டில் இருப்பவர்களின் போன்களிலும் மாற்றிவைத்தால் ஊருக்குள்ளேயே நாலைந்து காதுகள் உண்டாகிவிடும். பைசா செலவில்லாத வேலை.

இனி பேட்டரி. ஏர்டேக்கின் செல் ஏறத்தாழ ஓராண்டு தாங்கும். மாற்றிப் பத்து மாதம் ஆகியிருந்தால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுவது என் கட்சி. ஊரில் மாற்ற வேண்டி வந்தால் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும், ஆனால் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: சிஆர்2032. 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். 'இதுவும் அதேதாங்க' என்று 2025-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள்; 0.7 மில்லிமீட்டர் மெலிதானது, தொடுமுனைகளோடு ஒட்டாமல் விட்டுவிட்டு வேலை செய்யும். எல்ஐஆர்2032 என்பது ரீசார்ஜ் வகை, மின்னழுத்தம் கூடுதல், அதுவும் வேண்டாம். டப்பாவில் உதிரியாகக் கொட்டி வைத்திருக்கும் செல்கள் ஒன்றோடொன்று உரசி வடிந்திருக்கும். அட்டையில் அடைத்த, காலாவதித் தேதி அச்சிட்ட செல்லை வாங்கி, கடைக்காரரிடம் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே, 3.2 அளவில் நிற்கும். 2.9 காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

புதுச் செல் போட்டும் டேக் ஒலிக்கவில்லையா? குழந்தைகள் வாயில் போடாமலிருக்கச் சில செல்களின் மேல் கசப்புப் பூச்சு இருக்கும். டூராசெல் 2032-இல் உண்டு. அந்தப் பூச்சு தொடுமுனையின் மேல் விழுந்தால் ஏர்டேக் உயிர்பெறாது என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. பூச்சில்லாத செல் போட்டால் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பழைய செல்லையும் புதிய செல்லையும் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிய பட்டன் செல் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஏர்டேக்கைத் திறக்க, பளபளப்பான பக்கத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். வேர்வைக் கைக்கு வழுக்கும். ரப்பர் பேண்டைச் சுற்றினால் பிடி கிடைக்கும். கூட்டல் குறி உங்களைப் பார்த்து இருக்கும்படி செல்லை வைத்து அழுத்தினால் ஒரு சத்தம் வரும். மூடியின் மூன்று பற்களைப் பள்ளங்களில் பொருத்தி வலப்பக்கம் திருப்புங்கள். அதற்கும் இணையாவிட்டால் கடைசியாக ரீசெட்: செல்லை அழுத்திச் சத்தம் கேட்டதும் எடுத்து, மறுபடி வைத்து அழுத்தி, இப்படி மொத்தம் ஐந்து முறை. ஐந்தாவது சத்தம் வேறாக இருக்கும். டைல் வகைகளில் இப்போதைய மேட், ஸ்லிம், ஸ்டிக்கர் ஆகியவற்றின் பேட்டரி சீல் வைத்தது. எந்தக் கடையிலும் மாற்ற முடியாது, திறக்கவும் விடாதீர்கள். உபரி செல்லைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

திரும்பும் பயணத்தில் டேக்கை ஊமையாக்குவது பெரும்பாலும் நம் மூட்டைதான். எவர்சில்வர் தூக்குக்குள்ளோ பித்தளைக் குத்துவிளக்குக்கும் இட்லிப் பானைக்கும் நடுவிலோ டேக் இருந்தால் சிக்னல் வெளியே வராது. நல்லெண்ணெய் டின், அலுமினியத் தாள் ஒட்டிய மசாலாப் பொட்டலங்கள், ஊறுகாய் ஜாடி எல்லாமே தடைதான். பெட்டியின் மூடிப்பக்கத் துணி உறையில், ஜிப்புக்கு அருகே, துணிக்கு வெளிப்பக்கமாக வையுங்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றுவதால் கெடுதல் இல்லை. கயிறு கட்டி முடித்தபின் போனோடு 10 மீட்டர் தள்ளிப் போய் ஒலி எழுப்பிப் பாருங்கள். துணிக்குள் இருக்கும் சத்தம் காதில் விழாது, ஆனால் செயலி 'இணைக்கிறது' என்று நின்றுவிடாமல் ஒலிக்கச் சொல்ல முடிந்தால் போதும். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து இடம் மாற்றுங்கள். விமான நிலையத்தில் அதற்கு நேரம் இருக்காது.

பெட்டியை மட்டும் டிரைவரோடு அனுப்புகிறீர்கள் என்றால் அவரிடம் டேக் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். 2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும், தெரியாத டேக் கூடவே வந்தால் எச்சரிக்கை காட்டுகின்றன. அவர் கலவரப்பட்டுத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. உரிமையாளரைப் பிரிந்த ஏர்டேக் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில், அசைத்தால் ஒலிக்கவும் தொடங்கும். உறவினர் வீட்டில் பெட்டியை விட்டுப் போவதானால் செல்லைக் கழற்றிவிடுங்கள்.

டேக்கையே தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போவதானால், அது உங்கள் போனின் பக்கத்தில் இருக்கும்போதே கணக்கிலிருந்து நீக்கிக் கொடுங்கள். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபின் நீக்கினால், அங்கே அவன் செல்லை ஐந்து முறை கழற்றிப் போட்ட பிறகுதான் தன் ஐபோனில் சேர்க்க முடியும். நீக்காமலே விட்டுவிட்டால் எத்தனை முறை கழற்றினாலும் சேராது.