வர்ணம் பூசுன கல்லா, வெறுங்கல்லா? ஒரே செவுத்துல மூணு மழைக்காலம் பாத்தது

எங்கூடு சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவால இருக்குதுங்க. வாசக்கதவுக்கு வலது பக்கம் செவுத்துல தட்டையான கூழாங்கல்லுகள்ல அக்ரிலிக் பெயிண்ட்டுல வரைஞ்ச மயிலு ஒண்ணு, இடது பக்கம் ஒரு பொட்டு பெயிண்ட்டு கூட இல்லாம வெறுங்கல்லையே அடுக்கி ஒட்டுன காங்கேயம் காளை ஒண்ணு. ரெண்டும் ஒரே தை மாசத்துல செஞ்சது, ரெண்டுக்கும் ஒரே மேற்கு வெயிலு, ஒரே மழை. மூணு மழைக்காலம் போயிருச்சு. மயிலோட கழுத்து நீலம் வெளுத்து சாம்பலாட்ட ஆயிருச்சு. காளை அன்னிக்கு நின்ன மாதிரியே நிக்குது, மழை பேஞ்சு கல்லு நனைஞ்சா இன்னும் எச்சா பளிச்சுனு தெரியுது.

கல்லு வேலை ஆரம்பிக்கலாம்னு இருக்கறவங்க நெறய பேரு எங்கிட்ட கேக்கறது இதான், கல்லு மேல வரையறதா, கல்லயே படமா அடுக்கறதா, எது நல்லதுன்னு. செவுத்தப் பாத்தா பதில் தெரிஞ்ச மாதிரி தான் இருக்குது, ஆனா அத அப்படியே சொல்லிட்டா மயில வரைஞ்ச எங்கண்ணன் பொண்ணுக்கு நாயம் செஞ்ச மாதிரி ஆகாதுங்க. அவ எட்டாவது படிக்கையில ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஒக்காந்தா, பொழுதோட முடிச்சுட்டா. காளைக்கு எனக்கு கல்லு பொறுக்கறதுக்கு மட்டுமே ரெண்டு மாசம் ஆச்சு. அந்த வித்தியாசத்தயும் சேத்து தான் பாக்கோணும்.

மொதல்ல பெயிண்ட்டு பக்கம். அவ மொத மொத வரைஞ்சது போஸ்டர் கலர்ல. காயட்டும்னு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில வெச்சுட்டு தூங்கிட்டோம், ராத்திரி சின்னத் தூத்தல் தான், காலைல போய்ப் பாத்தா கல்லு கழுவி வெச்ச மாதிரி இருக்குது, பக்கத்துல மண்ணுல மட்டும் நீலமா ஒரு கறை. "அத்தை, மயிலு பறந்து போயிருச்சு"ன்னு நின்னா பாருங்க, எனக்கு மனசே ஆகல. போஸ்டர் கலர் காஞ்சாலும் மறுபடி தண்ணி பட்டா கரையும், அது காகிதத்துக்கு உண்டானது. அக்ரிலிக்கும் தண்ணில கலக்கறது தான், ஆனா அதுல இருக்கற தண்ணி ஆவியாப் போனதும் மிச்சம் இருக்கறது ஒரு பிளாஸ்டிக் தோலு மாதிரி ஒட்டிக்கும், திரும்பக் கரையாது. கேட்டுக்கு அடிக்கற எனாமல் பெயிண்ட்டு வெயில் மழை தாங்கறதுல இன்னும் கெட்டி, ஆனா காய ஒரு நா முழுக்க ஆகும், நாத்தம் அடிக்கும், மயிலு தோகை மாதிரி மெல்லிசு கோடு அதுல வராது, சொதசொதனு பரவிக்கும். குழந்தைங்க கைல குடுக்கற மாதிரியும் கெடையாது. வரையறதுன்னா அக்ரிலிக்கு தான்னு நான் கண்ண மூடிட்டு சொல்லுவேன்.

அப்பறம் எதுக்கு நீலம் வெளுத்துச்சுன்னா, நாங்க வாங்குனது பள்ளிக்கூடத்துக்கு வாங்கற மலிவு டப்பா, மேல வார்னிஷும் அடிக்கல. இதுல ஒண்ணு கவனிச்சேங்க, அதே மயிலுல அடில தரைக்கு அவ போட்ட காவியும் பழுப்பும் வெள்ளையும் கொஞ்சங்கூட மங்கல. காவி, மஞ்சக்காவி இதெல்லாம் இரும்புத் துரு சம்பந்தப்பட்ட மண்ணு நெறம், வெயிலுக்கு அசையாது. வெள்ளைக்கு டைட்டானியம் போடறாங்க, அதுவும் அப்படித்தான். வெளில வெக்கற கல்லுக்கு காவி, பழுப்பு, கருப்பு, வெள்ளைனு நம்ம கோயில் செவுத்து நெறங்கள வெச்சே வரைஞ்சீங்கன்னா பல வருஷம் நிக்கும். பளபள நெறம் வேணும்னா கல்ல ஊட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. ரெண்டு கோட்டு தெளிவான அக்ரிலிக் வார்னிஷ் கட்டாயம் அடிங்க, கல்லுக்கு அடிப்பக்கமும் சேத்து, ஏன்னா மண்ணுல கெடக்கற கல்லுக்கு ஈரம் கீழ இருந்து ஏறித்தான் பெயிண்ட்டு உரியும்.

கல்லு எங்க எடுக்கறதுங்கறதுல தான் பாதி வேலை இருக்குது. வரையறதுக்கு அமராவதிக் கல்லு, பவானி ஆத்துக் கல்லு மாதிரி உருண்டு வழவழனு ஆனது வேணும், சொரசொரப்பா இருந்தா பிரஷ்ஷு திக்கும். நொய்யல் எங்களுக்குப் பக்கம், நடந்தே போயிரலாம், ஆனா அந்தக் கல்லுல வரைஞ்சது ரெண்டு தடவை எங்களுக்கு பெயிண்ட்டு பொரிஞ்சு வந்து கீழ வெள்ளையா உப்பு பூத்துச்சு. அந்த ஆத்துல திருப்பூர் சாயப்பட்டறைங்களோட சாயத்தண்ணி ஓடுனது ஊருக்கே தெரியும், 1992ல பாசனத்துக்குனு கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை கடேசில சாயத்தண்ணி தேங்கற எடமா ஆனத நாங்க கண்ணு முன்னால பாத்தவங்க. அந்தக் கல்லு தான் வேணும்னா நல்ல தண்ணில போட்டு தெனம் தண்ணி மாத்தி ஒரு வாரம் ஊற வெச்சு, அப்பறம் நெழல்ல நல்லா காய விடுங்க. அவசரத்துக்கு அடுப்புல வெச்சுக் காய வெக்காதீங்க சாமி, ஆத்துக் கல்லுக்குள்ள ஈரம் இருந்தா சூட்டுல ஆவியாகி கல்லு வெடிச்சுத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. இன்னொண்ணும் சொல்லிக்கறேன், ஆனைமலை பக்கமோ சத்தியமங்கலம் பக்கமோ காட்டுக்குள்ள போனா கல்லக் கூட எடுக்கக் கூடாது, காப்புக்காட்டுல அது குத்தம். ஆத்துலயும் கைப்பை அளவுக்கு மேல போகாதீங்க, வண்டி வெச்சு அள்றதுக்கெல்லாம் அனுமதி வேணும்.

வெறுங்கல்லு படத்துக்கு ஆத்துக்கே போக வேண்டியதில்லைங்க. எங்க மேட்டாங்காட்டுல ஏரு ஓட்டி ஒரு மழை பேஞ்சு விட்ட மறுநா காலைல எறங்குனா போதும், மண்ணு கழுவி உட்டு கல்லு எல்லாம் மினுங்கிட்டு கெடக்கும். வெள்ளைக்கு வெங்கச்சங்கல்லு, அதான் குவார்ட்ஸ்னு சொல்றது, பழுப்புக்கு சுண்ணாம்பு சேந்த சுக்காங்கல்லு, கருப்புக்கு இட்டேரில, வேலிக்கு நடுவால போற வண்டித்தடத்துல, செதறிக் கெடக்கற கரும்பாறச் சில்லு, நடுவால காக்காப்பொன்னு, மைக்கானு சொல்வாங்களே அது, தகடு தகடா. சின்ன வயசுல எங்க அமுச்சி, அம்மாவப் பெத்தவ, ரெண்டு வெங்கச்சங்கல்லக் குடுத்து, போர்வைக்குள்ள உக்கார வெச்சு ஒண்ணோட ஒண்ணு தேய்க்கச் சொல்லும், இருட்டுல கல்லுக்குள்ள மஞ்சளா வெளிச்சம் ஓடும், ஒரு கருகுன வாசம் வரும். இன்னிக்கும் ஒரு கல்லு வெங்கச்சங்கல்லு தானானு சந்தேகம் வந்தா நான் அதத்தான் செய்யறேன். கத்தில கீறிப் பாத்தாலும் தெரியும், வெங்கச்சங்கல்லுல கத்தி ஏறாது, சுக்காங்கல்லு கீறும், எலுமிச்சஞ்சாறு விட்டா நொரை வரும். இது எதுக்கு முக்கியம்னா, சுக்காங்கல்லு மெதுவு, புளிப்புக்கும் ஆசிடுக்கும் கரையும், செவுத்துல ஒட்டுன பின்னால சிமெண்ட்டு கறைய எடுக்கறேன்னு பாத்ரூம் ஆசிட ஊத்துனீங்கன்னா அந்தக் கல்லு மட்டும் தின்னு போயிரும்.

கல்லோட சொந்த நெறம் எவ்வளவு காலம் நிக்கும்னு கேட்டா, எங்கூருக்குப் பக்கத்துலயே நொய்யல் கரைல கொடுமணல் இருக்குதுங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசான ஊரு, கல்லு மணி செஞ்ச பட்டறைங்க அங்க மண்ணுக்கடியில இருந்து வந்துச்சு. பச்சைக்கல்லு படியூர்ல இருந்து, நீலக்கல்லு சிவன்மலைப் பக்கத்துல இருந்துனு நம்ம காட்டுக் கல்லு தான், செவப்பு சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கத்துல இருந்து வந்துச்சுனு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அந்த சூதுபவள மணி ஆயிரக்கணக்குல பொதைகுழில கெடந்து எடுத்தப்பவும் செவப்பு செவப்பாவே இருந்துச்சு. ஒரு வார்னிஷ் டப்பா அந்த வேலையச் செய்யாதுங்க. நான் வெறுங்கல்லு பக்கம் சாஞ்சதுக்கு மழைக்கு வெளுத்த மயில விட இதான் பெரிய காரணம்.

ஆனா வெறுங்கல்லு படத்துல கழுத்தப் புடிக்கற விஷயம் ஒட்டறது. காளைய மொதல்ல நான் பலகைல மரத்துக்குப் போடற வெள்ளைப் பசை வெச்சு ஒட்டி, வாசல்ல மாட்டுனேன். ஐப்பசி மழை மூணாவது நாளு, ராத்திரி டொப்பு டொப்புனு சத்தம், காலைல பாத்தா காளைக்குத் திமிலும் காணோம், முன்னங்காலும் காணோம். பலகை வேற தண்ணி குடிச்சு உப்பிப் போச்சு. வேலைக்கு வந்த கொத்தனாரு பாத்துட்டு, "ஏனுங்கம்மா, கல்லு செவுத்துல நிக்கோணும்னா செவுத்துக்குப் புடிச்சதப் போடோணுமுங்க, பலகைக்குப் புடிச்சதப் போட்டா எப்படீங்"னாரு. அவரு தான் சொல்லிக் குடுத்தாரு, செவுத்தக் கொத்தி சொரசொரப்பாக்கி, தண்ணி தெளிச்சு, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூணு பங்கு சலிச்ச மணலுன்னு கலவை பூசி, அது எறுகறதுக்குள்ள கல்ல அதோட தடிப்புல பாதிக்கு மேல உள்ள போற மாதிரி அமுக்கி, ஒரு வாரம் சாக்குப் போட்டு நனைச்சுட்டே இருக்கோணும்னு. அப்படி வெச்சதுல இன்னிக்கு வரைக்கும் ஒரு கல்லு கூட அசையல.

ஊட்டுக்குள்ள மாட்டற சின்னப் படத்துக்கு வெள்ளைப் பசையே போதும், கல்லு சின்னதா இருந்து கீழ தட்டையா இருந்தா. கல்லோட கல்லு ஒட்டோணும், கல்ல கண்ணாடில ஒட்டோணும்னா ரெண்டு டியூபு கலக்கற எபாக்ஸி தான் சரி. அஞ்சு நிமிஷத்துல எறுகறத விட மெதுவா எறுகற வகைல பலம் எச்சா. ஆனா எபாக்ஸி வெயில் பட்டா மஞ்சளா ஆகும், வெங்கச்சங்கல்லச் சுத்தி மஞ்சக் கோடு விழுந்தா பாக்கறதுக்கே கஷ்டமா இருக்கும், அதனால வெளில வேண்டாம். கனத்தையும் மறந்துராதீங்க. ரெண்டுக்கு ரெண்டு அடி பலகைல முக்கா இஞ்சு தடிப்புல கல்லு நெருக்கி வெச்சா கல்லு மட்டுமே பத்து கிலோவத் தாண்டிரும், ஒத்தை ஆணில தொங்க விட்டுட்டு கீழ கொழந்தையத் தூங்க வெக்காதீங்க.

கடைல பாக்கெட்டுல விக்கற பளபளா கல்லு? அவசரத்துக்கு ஆகும், எல்லாம் ஒரே அளவுல கெடைக்கும், தொட்டியச் சுத்திப் போட நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுல பாதி மெழுகு தேய்ச்சது, பசை புடிக்காது, சோப்புப் போட்டு சுடுதண்ணில கழுவுனாத் தான் உண்டு. கடும் பச்சை, கடும் நீலம், ரோஸு நெறத்துல இருந்தா பஞ்சுல நெயில் பாலீஷ் ரிமூவர் தொட்டு துடைச்சுப் பாருங்க, சாயம் ஏத்துனதா இருந்தா பஞ்சுல வந்துரும். அதுக்குக் குடுக்கற காசுக்கு காங்கேயம், கரூர் பக்கம் கல்லு பட்டை தீட்டறவங்ககிட்டப் போய் வெட்டி மிஞ்சுன சில்லு கேட்டுப் பாருங்க. சந்திரகாந்தக்கல்லுச் சில்லு, செவ்வந்திக்கல்லுச் சில்லு, கார்னெட்டுச் சில்லுனு மோதிரத்துக்கு ஆகாததெல்லாம் நம்ம வேலைக்குத் தங்கம். சந்திரகாந்தக்கல்லத் திருப்பித் திருப்பிப் பாத்தா உள்ள நெலா வெளிச்சம் மாதிரி ஒண்ணு நகரும், அத எந்தப் பெயிண்ட்டுலயும் கொண்டு வர முடியாது.

பட்டை தீட்டற ஆசை வந்து நீங்களே மிஷின் வாங்கோணும்னு நெனச்சா, ஒரு வார்த்தை. உருட்டற மிஷின்ல கல்லப் போட்டு மொரடு பொடில இருந்து நைஸ் பொடி வரைக்கும் மாத்தி மாத்தி உருட்ட ஒரு மாசம் பக்கம் ஆகும், ஆனா தண்ணியோட ஓடறதுனால தூசி இல்ல. கட்டர் மிஷின்ல வெங்கச்சங்கல்ல வறட்டுல வெட்டறது வேண்டவே வேண்டாங்க. அந்தத் தூசி நுரையீரல்ல போய் ஒக்காந்தா திரும்பி வராது, சிலிகோசிஸ்னு கல்லு வேலை செய்யறவங்களக் கொல்ற சீக்கு அது. துணிய மூஞ்சில கட்டிக்கிட்டா போதும்னு நெனைக்காதீங்க. தண்ணி ஊத்தி வெட்டோணும், சரியான மாஸ்க்கும் போடோணும், இல்லாட்டி வெட்டாம கெடைச்ச உருவத்துக்கே படத்த மாத்திக்கோங்க, நான் அப்படித்தான் செய்யறேன்.

செதுக்குன கல்லு வேணும்னா அது நம்ம கைக்கு வராத வித்தை, திருமுருகன்பூண்டிக்குப் போயிருங்க, ரோட்டோரமே உளிச் சத்தம் கேக்கும். அங்க கல்லத் தட்டி சத்தத்த வெச்சுத் தரம் பாப்பாங்க, கணீர்னு வந்தா நல்ல கல்லு, சத்தம் செத்து வந்தா உள்ள விரிசல்னு அர்த்தம். கூழாங்கல்லு பொறுக்கறப்பவும் ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாத்து எடுங்க, விரிசல் கல்லு வெயில்ல நின்னு நின்னு ஒரு நா பொளந்துக்கும்.

இன்னொரு தப்பும் பண்ணியிருக்கேன். நனைஞ்ச கல்லு தான் அழகுனு காளை மேல தேங்காண்ணெய் தடவுனேன். ரெண்டு நா பளபளனு இருந்துச்சு, அப்பறம் ரோட்டுத் தூசி எல்லாம் வந்து ஒட்டி காளை அழுக்கேறி நின்னுச்சு. தேங்காண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் காயற எண்ணெய் இல்ல, பிசுபிசுனே கெடக்கும். ஆளி விதை எண்ணெய் காயும், ஆனா வெள்ளைக்கல்ல மஞ்சளாக்கும். எனக்கு இப்ப மழை வந்து நனைக்கறதே போதும்னு இருக்குது.

கூட்டிப் பாத்தா நான் செய்யறது இப்படித்தான். பிறந்தநாளுக்குக் குடுக்க, டேபிள் மேல பேப்பர் பறக்காம வெக்க, பசங்களோட லீவு நாள ஓட்ட, வரைஞ்ச கல்லு. வாசலு, காம்பவுண்டு, துளசி மாடத்துச் சுத்து, பேரு எழுதற எடம், மழை படற எதுக்கும் வெறுங்கல்லு, சிமெண்ட்டுல. வெறுங்கல்லுல சிரிச்ச மூஞ்சி, எழுத்து, தோகைக் கண்ணு மாதிரி நுணுக்கம் வராதுங்க, அதுக்கு ஆசைப்பட்டா பெயிண்ட்டு தான் வழி.

காளைக்குக் கண்ணு மட்டும் ரொம்ப நா வெக்காம உட்டிருந்தேன். ஒடம்பு முழுக்க சாம்ப வெள்ளைக் கல்லு, திமிலுக்கும் கழுத்துக்கும் கருங்கல்லுச் சில்லு, அசல் மயிலைக் காளை தான் (சாம்ப வெள்ளை நெறத்து மாட்டுக்கு அப்படித்தான் பேரு), ஆனா கண்ணு எடத்துல ஒரு ஓட்டை. கருப்புப் பெயிண்ட்டு வெச்சுப் பாத்தேன், செத்த கண்ணாட்ட இருந்துச்சு, சொரண்டிட்டேன். கடேசில ஒரு பட்டறைல சும்மாவே குடுத்த கார்னெட்டுச் சில்லு, மொளகு அளவுக்குத் தான் இருக்கும், அத வெச்சேன். நெழல்ல கருப்பா தெரியும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேற்கு வெயிலு சாஞ்சு அது மேல விழுறப்ப மட்டும் உள்ள ரத்தச் செவப்பா ஒரு பொறி எரியும், மயிலுக்குப் புதுசா காவில வரைய வந்த எங்கண்ணன் பொண்ணு அதப் பாத்துட்டு, "அத்தை, மயிலுக்கும் கண்ணுக்கு மட்டும் கல்லு வெக்கலாமா"ன்னு கேட்டா. போன வாரம் வெச்சுட்டோம்.