கிரேட்ஸ்கோப் (ஆன்லைன்ல பேப்பர் திருத்துற சாஃப்ட்வேர்): டிஏவா பேப்பர் திருத்துறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

அமெரிக்கால மெக்கானிக்கல்ல பிஹெச்டி பண்றேன், டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், ப்ரொஃபசருக்கு க்ளாஸ்லயும் பேப்பர் திருத்தறதுலயும் உதவுறவங்க) வேலை பாக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இங்க வரப்போற நம்ம பசங்க ஸ்டைபண்ட் எவ்ளோ, ஃபீஸ் தள்ளுபடி உண்டான்னு தான் கேக்குறாங்க, பேப்பர எதுல திருத்துறீங்கன்னு யாரும் கேக்குறதில்ல, ஆனா நம்ம வாரம் எப்படிப் போகும்னு முடிவு பண்றதே அதுதான். எஃப்-1 ஸ்டூடண்ட் விசால செமஸ்டர் நடக்கறப்போ கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம் தான் வேலை பாக்கலாம், அதுக்குள்ள ஆபீஸ் ஹவர்ஸ் (பசங்க நேர்ல வந்து சந்தேகம் கேக்குற நேரம்), லேப், பசங்க மெயில், பேப்பர் எல்லாம் முடியணும்.

முதல் செமஸ்டர்ல தெர்மோடைனமிக்ஸ் மிட்டெர்ம், 180 பேர், மூணு டிஏ. பேப்பர் கட்டை ஆளுக்கு 60ஆ பிரிச்சிக்கிட்டு அவங்கவங்க ரூம்ல உக்காந்து திருத்தினோம். மார்க் குடுத்த அடுத்த நாள் ஒரு பொண்ணு அவ ஃப்ரெண்டோட பேப்பரையும் எடுத்துட்டு வந்து பக்கத்துல பக்கத்துல வச்சா. ரெண்டு பேரும் பண்ணது ஒரே தப்பு, இவளுக்கு 3 மார்க் போச்சு, அவனுக்கு 1 தான். என்கிட்ட பதிலே இல்ல. இன்னிக்கும் அத நெனச்சா மனசு உறுத்தும்.

அடுத்த செமஸ்டர் ப்ரொஃபசர் கிரேட்ஸ்கோப்புக்கு மாத்தினாரு. பெர்க்லி யூனிவர்சிட்டில டிஏவா இருந்தவங்களே சேர்ந்து ஆரம்பிச்சது இது, 2018ல டர்னிட்டின்ங்கற கம்பெனி வாங்கிடுச்சு. டிஏ கையில உருவானதுன்னு யூஸ் பண்ணும்போதே தெரியும். பேப்பர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தினா அதுவே தனித்தனி பேப்பரா பிரிச்சிக்கும், பேர் எழுதின இடத்தப் பாத்து இது இன்னார் பேப்பரா இருக்கும்னு லிஸ்ட்லேர்ந்து காட்டும், நாம சரி பாத்தா போதும். (ஸ்கேனுக்கு முன்னாடி எல்லா ஸ்டேப்பிளையும் பிரிக்கணும், அதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கிக்கோங்க.)

அப்புறம் ஆள் கணக்குல இல்லாம கேள்விக் கணக்குல திருத்தலாம். நான் மூணாவது கேள்வின்னா 180 பேரோட மூணாவது கேள்வியும் எனக்குத்தான். செல்சியஸ கெல்வினா மாத்தாம விட்டது மைனஸ் 2, டேபிள்ல தப்பான வரி எடுத்தது மைனஸ் 1, இப்படி ரூப்ரிக்ல (எந்தத் தப்புக்கு எவ்ளோ மார்க்ங்கற பட்டியல்) எழுதி வச்சிட்டா கீபோர்டுல நம்பர் அமுக்கினா போதும், இசட் அமுக்கினா இன்னும் திருத்தாத அடுத்த பேப்பர் வந்துடும். ஆனா இத வேகத்துக்காக மட்டும் நான் சொல்லல. 70 பேப்பர் தாண்டினப்புறம் தான் அந்தக் கெல்வின் தப்ப பாதி க்ளாஸ் பண்ணிருக்குன்னு புரிஞ்சுது, ப்ரொஃபசர்கிட்ட கேட்டேன், 1 மார்க் கொறச்சா போதும்னாரு. ரூப்ரிக்ல ஒரே ஒரு இடத்துல மாத்தினேன், முன்னாடி திருத்தின எல்லாத்துலயும் தானா மாறிடுச்சு. பேனால போட்டிருந்தா அந்த 70ஐயும் திரும்ப எடுக்கணும், ராத்திரி 12 மணிக்கு யாரு எடுப்பா?

ஒரே மாதிரி விடைகள ஒண்ணா சேத்துக் காட்டுற வசதியும் இருக்கு, சின்ன பதில், ஒத்த வரி விடைக்கெல்லாம் நல்லாருக்கும். அது நாம குடுத்த ஃபார்மட்லயே எழுதின பேப்பருக்குத்தான். ஹோம்வொர்க்க பசங்களே பிடிஎஃபா ஏத்துறப்போ எந்தப் பக்கத்துல எந்தக் கேள்வின்னு அவங்கதான் குறிக்கணும், நெறய பேர் குறிக்காம விட்டுடுவாங்க, அத முதல் வாரமே க்ளாஸ்ல செஞ்சு காட்டிடுங்க.

இன்னொன்னு, மூணு டிஏவும் முதல் 10 பேப்பர ஒண்ணா உக்காந்து பாத்து ரூப்ரிக் எழுதுங்க. பசங்களுக்கு அந்த வரிகள் அப்படியே தெரியும், அதனால "தப்பு"ன்னு மட்டும் போடாம எது தப்புன்னு எழுதுங்க.

மறுபடி திருத்தச் சொல்லி அவங்க அதுலயே எழுதலாம். ஊர்ல போட்டோகாப்பிக்கு ஒரு தடவ, ரீவேல்யுவேஷனுக்கு ஒரு தடவன்னு காசு கட்டினவன் நான், இங்க காரணத்த எழுதினா போதும்ங்கறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா பட்டுச்சு. போன ஃபைனல்ல ஒரு பையன், என் சைன் கன்வென்ஷன் (எது ப்ளஸ், எது மைனஸ்னு எடுத்துக்கறது) வேற, ஆனா கடைசி வரைக்கும் அதையே தான் ஃபாலோ பண்ணிருக்கேன்னு எழுதினான். அவன் சொன்னது சரி. ரூப்ரிக்ல அந்த வரிய மாத்தினேன், அவனோட சேத்து இன்னும் 14 பேருக்கு மார்க் ஏறிச்சு, அந்த 14 பேரும் எதுவும் கேக்கவே இல்ல.