டெஸ்டுக்கு சர்வரை யார் எழுப்புவது, யார் நிறுத்துவது?

பிரவுசர் வழியாக ஓடும் டெஸ்டுகளுக்குப் பின்னணியில் ஒரு வெப் சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நாலு வழிகள் பரவலாகப் புழங்குகின்றன. எது வேகம் என்று பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். சர்வர் தயார் என்பது டெஸ்டுக்கு எப்படித் தெரிகிறது? டெஸ்ட் பாதியில் விழுந்தால் சர்வரை நிறுத்துவது யார்?

ஷெல்லில் கட்டளைக்குப் பின் ஆம்பர்சண்ட் (&) போட்டுப் பின்னணியில் ஓடவிட்டு, 5 வினாடி காத்திருக்க ஸ்லீப் 5 என்று எழுதுவதில்தான் பெரும்பாலும் எல்லோரும் தொடங்குகிறோம். கையில் இருக்கும் கணினியில் 2 வினாடியில் எழும் சர்வர், டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ இயந்திரத்தில் 8 வினாடி எடுத்தால் டெஸ்ட் காலி. சரி, ஸ்லீப்பை எடுத்துவிட்டு, பதில் வரும்வரை கர்ல் (முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் கட்டளை) வைத்துத் தட்டிப் பார்க்கும் லூப் போடலாம். நானும் அப்படித்தான் போட்டேன், அரை நாள் போனது.

ஒரு பட்டனின் பெயரை மாற்றியிருந்தேன். பழைய பெயரைத் தேடும் டெஸ்ட் விழுந்தே ஆக வேண்டும். ஆனால் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், முந்தின ஓட்டத்தில் சாகாமல் தப்பிய சர்வர் 3000 போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. புதிய சர்வர் போர்ட் கிடைக்காமல் எழும்போதே விழுந்துவிட்டது. கர்லுக்குப் பதில் சொன்னது பழையது. என்பிஎம் (நோட் ஜேஎஸ்ஸின் பேக்கேஜ் கருவி) வழியாகத் தொடங்கும்போது ஷெல் தரும் பிராசஸ் எண் என்பிஎம்முடையது, நிஜ சர்வர் அதன் பிள்ளை. தாயை நிறுத்தினால் பிள்ளையும் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஷெல்தான் வேண்டும் என்றால், முடியும்போது ஒரு கட்டளையை ஓட்டச் சொல்லும் டிராப் வைத்து, ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் பிராசஸ் குழு முழுவதையும் நிறுத்துங்கள்.

டெஸ்ட் ஓடும் பிராசஸுக்குள்ளேயே தனி த்ரெட்டில் சர்வரை ஓட்டுவது இரண்டாவது வழி. எனக்குப் பிடித்தது இதுதான். பைதானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் லைவ்சர்வர்டெஸ்ட்கேஸ் இதைத்தான் செய்கிறது. போர்ட் எண் 0 என்று கேட்டால், காலியாக இருக்கும் ஒன்றை இயங்குதளமே எடுத்துக் கொடுக்கும். மோதலுக்கு வழியே இல்லை. பிராசஸ் முடிந்தால் சர்வரும் போய்விடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. டெஸ்ட் எழுதி இன்னும் கமிட் ஆகாத (நிரந்தரமாகச் சேமிக்காத) டேட்டாவை, சர்வரின் தனி டேட்டாபேஸ் இணைப்பால் பார்க்க முடியாது. அதனால் டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்து (எழுதியதை ரத்து செய்து) முடிக்கும் வழக்கமான குறுக்குவழி இங்கே இல்லை, ஒவ்வொரு டெஸ்டுக்குப் பிறகும் டேபிள்களைக் காலி செய்ய வேண்டும். டெஸ்டுகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது இந்தத் தாமதம் நன்றாகவே உறைக்கும். சர்வர் ஒரு மொழி, டெஸ்ட் வேறு மொழி என்றால் இந்த வழி பொதுவாக ஒத்துவராது.

அப்போது மூன்றாவது வழியாக, டெஸ்டுகளை ஓட்டும் கருவியான டெஸ்ட் ரன்னரிடமே பொறுப்பை விட்டுவிடுங்கள். பிரவுசர் டெஸ்ட் கருவியான பிளேரைட்டின் வெப்சர்வர் அமைப்பில் கட்டளையையும் முகவரியையும் கொடுத்தால், அதுவே தொடங்கி, பதில் வரும்வரை காத்திருந்து, கடைசியில் நிறுத்தும். காத்திருக்கும் நேரம் இயல்பாக 60 வினாடி. ஏற்கெனவே ஓடும் சர்வரைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு அமைப்பும் அதில் உண்டு. உங்கள் கணினியில் வசதிதான், ஆனால் என் பட்டன் கதை மறுபடி நடக்கும் இடமும் அதுவே. சிஐயில் அதைக் கண்டிப்பாக அணைத்து வையுங்கள்.

சிலர் ரன்னரை நம்பாமல் பைதானின் சப்பிராசஸ் மூலம் தாங்களே தொடங்குவார்கள். அவர்களுக்கு ஒன்று: வெளியீட்டைப் பைப்பில் பிடித்துவிட்டுப் படிக்காமல் இருந்தால், லினக்ஸில் பைப் பொதுவாக 64 கிலோபைட்டில் நிரம்பும். அடுத்த லாக் வரியை எழுத முடியாமல் சர்வர் அப்படியே நின்றுவிடும். லாகை ஃபைலுக்குத் திருப்பினால் போதும்.

நான்காவது வழி, பல கன்டெய்னர்களை ஒன்றாக எழுப்பும் டாக்கர் கம்போஸ். டேட்டாபேஸ், ரெடிஸ் (வேகமான நினைவக டேட்டா ஸ்டோர்) எல்லாம் சேர்ந்து வேண்டியிருக்கும்போது மட்டும் இதை எடுங்கள். ஒவ்வொன்றும் தயாரா என்று பார்க்கும் ஹெல்த்செக் எழுதி, அப் கட்டளையோடு வெயிட் சேர்த்தால் எல்லாம் தயாரான பிறகுதான் திரும்பும். ஆனால் டெஸ்ட் விழுந்தாலும் கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். டவுன் கட்டளையை, டெஸ்ட் தோற்றாலும் கட்டாயம் ஓடும் படியில் வையுங்கள்.